நாற்பது பிர்ச் மரங்களுக்கு ஒரு சொல்

பச்சை என்கிற நிறத்தைப் படைத்தவன் ஆண்டவன். ஆனால் படைத்ததையெல்லாம் பெயரிட்டு, வகைபிரித்து, எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றும் வேலை தன் ஒருவனால் ஆகாது என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. அதனால் அந்தப் பொறுப்பை மெஜ்வால்டே நகராட்சியின் 'பசுமைச் சொல் நிலைக்குழு'விடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டான். குழுவும் அவன் நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. ஆறு ஆண்டுகளாக, மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடி, உலகத்தில் எது பச்சை, எது பச்சையில்லை என்று தீர்மானித்துவருகிறது.

கூட்ட அறைக்கு ஜன்னல் கிடையாது. முன்பு கரி கொட்டி வைத்திருந்த அறை அது. ஜன்னல் இருந்தால் உறுப்பினர்கள் வெளியே பார்ப்பார்கள். வெளியே பார்த்தால் பச்சையிலிருந்து கவனம் சிதறிவிடும். தலைவர் ஹரால்ட்ஸ் க்ரூமின்ஷ் தாமே தேர்ந்தெடுத்த அறை.

க்ரூமின்ஷ் என்றால் 'குட்டிப் புதர்'. இந்த நாட்டில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயராக மரஞ்செடிதான். செயலாளர் ரஸ்மா எக்லே ஓர் ஊசியிலை மரம். மூத்த உறுப்பினர் வால்ஃப்ரீட்ஸ் ஓஸோல்ஸ் சாட்சாத் ஓக் மரம். ஓக் மரத்தைப் போலவே கூட்டம் முழுக்க அசையாமல் இருப்பார், வாக்கெடுப்பின்போது மட்டும் கண் திறந்து 'எதிர்ப்பு' என்பார். ஆக, குழுவே ஒரு நடமாடும் காடு. அந்தக் காட்டுக்குப் புதர் தலைவராக இருப்பது குறித்து ஊரில் சிலர் சிரித்ததுண்டு. ஹரால்ட்ஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. இரவில் படுக்கும்போது மட்டும் கொஞ்சம் நினைத்துக்கொள்வார்.

அவர் ஆறு ஆண்டுகள் தவமிருந்து எழுதிய நூல் 'பசுமைச் சொல் அகராதி'. 'ஸல்ஷ்' என்ற ஒற்றை வேரிலிருந்து, அதாவது பச்சை என்கிற அந்த ஒரு சொல்லிலிருந்து, நானூற்றுப் பன்னிரண்டு சொற்களைக் கிளைத்துக் காட்டியிருந்தார். பச்சையாதல், பச்சையேறுதல், பச்சை பிடித்தல், பச்சையாகித் தீர்ந்துபோதல். சூப்பின்மேல் தூவுகிற சோயிக்கீரை 'பச்சைகள்'. ஞாயிற்றுக்கிழமை கூடையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே போவது 'பச்சைக்குள் போவது'. அங்கே விடியவிடிய ஜோடி போட்டு ஆடுவது 'பச்சையாட்டம்'. நேற்று வேலைக்குச் சேர்ந்து இன்று யோசனை சொல்கிறவன் 'பச்சையலகன்'. தலைகால் புரியாமல் வருவது 'பச்சைக் கோபம்'. கவலையில்லாமல் சாப்பிட்டுக் குடித்துத் திரிகிறவனை 'பச்சையாக வாழ்கிறான்' என்பார்கள். ஹரால்ட்ஸ் இவை அத்தனையையும் அறிந்தவர். புல் மட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. பக்கத்தில் போனால் தும்முவார்.

இப்படிப்பட்ட நூலுக்கு உரிய மரியாதை கிடைக்கும் நாளும் வந்தது. 'நாட்டின் மிகப் பசுமையான நகராட்சி' என்ற பட்டத்துக்குத் தலைநகரில் போட்டி அறிவித்தார்கள். பட்டம் வாங்கும் ஊரின் அகராதி எல்லா நகராட்சிக்கும் அனுப்பப்படும், அட்டையில் தொகுத்தவர் பெயரோடு. நடுவர்கள் ஜூன் இருபத்திரண்டாம் தேதி வருகிறார்கள். வரும்போது இரண்டைப் பார்ப்பார்கள்: ஒன்று, அகராதி. இரண்டு, அகராதிக்கு 'உயிருள்ள சான்று' ஒன்று.

அகராதி தயாராக இருந்தது. உயிருள்ள சான்றுதான் கொஞ்சம் இடித்தது.

மெஜ்வால்டேயில் சான்று என்று காட்டத் தகுந்தது ஒன்றே ஒன்று. பஸ் நிலையத்துக்குப் பின்னால், பழைய டிராக்டர் கொட்டகையை இடித்த இடத்தில், நாற்பது பிர்ச் மரங்கள். வெள்ளைக் கால்சட்டை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் விரல் பருமனுக்கு இருந்ததைக் கொண்டுவந்து நட்டு, மண்ணில் கிடந்த டிராக்டர் எண்ணெய்க் கசடைத் தோண்டி எறிந்து, இரண்டு வறட்சிக்கும் வாளியில் தண்ணீர் சுமந்து வளர்த்தவள் நகராட்சித் தோட்டக்காரி ஸெந்தா ஆக்மெனே. ஆக்மெனே என்றால் கல். மொத்த அலுவலகத்தில் மரம் வளர்த்த ஒரே ஆளின் பெயரில் மட்டும் மரம் இல்லை.

மே மாதக் கூட்டம் ஒன்றில், நிகழ்ச்சிநிரலில் இல்லாத நேரத்தில், ஸெந்தா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ரப்பர் பூட்ஸிலிருந்து மண் உதிர்ந்தது. அறையில் மண் விழுந்தது அதுவே முதல் தடவை.

"தலைவரே, எனக்கு ஒரு வார்த்தை வேணும்."

"பேசுங்கம்மா. சுருக்கமா."

"பேச இல்லீங்க. ஒரு வார்த்தை குடுங்கன்னு கேக்கறேன். என் மரத்துக்கு." கையிலிருந்த படிவத்தை மேஜைமேல் வைத்தாள். "பதிவேட்டுல 'வகை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. எட்டு வருஷமா காலி. வகை இல்லன்னா நம்பர் இல்ல. நம்பர் இல்லன்னா வேலியும் இல்ல, பலகையும் இல்ல. பதிவேட்டுல இல்லாத நிலமெல்லாம் புதர்னு கணக்கு. விழாவுக்கு பிர்ச் வேணுங்கறவங்க புதர்ல வெட்டிக்கலாம்னு வருஷா வருஷம் நீங்கதான நோட்டீஸ் ஒட்டறீங்க?"

புதர் என்ற சொல்லைக் கேட்டதும் ஹரால்ட்ஸின் முகம் லேசாகச் சிவந்தது. ஆனாலும் அவள் சொன்னது உண்மை. ஜூன் இருபத்துநான்காம் தேதி வரும் கோடை விழாவுக்கு முந்தின நாள் இந்த நாட்டில் பிர்ச் இல்லாத வாசற்படி கிடையாது. வீடு, தொழுவம், கடை, பஸ், சிலபேர் நாய்க்கூண்டுகூட. எல்லாவற்றிலும் இளம் பிர்ச்சை வெட்டி நட்டால்தான் விழா. ஆம்பிளைகள் தலையில் ஓக் இலைக் கிரீடத்தோடும் கையில் கோடாரியோடும் திரிகிற அந்த இரண்டு நாளில், கிரீடத்துக்கும் கோடாரிக்கும் நடுவே இருக்கிற உறுப்பு வேலை செய்யாது.

"போன வருஷமே ரெண்டு பேர் கோடாலியோட வந்துட்டாங்க," என்றாள் ஸெந்தா. "நான் நடுவுல நாற்காலி போட்டு உக்காந்து விரட்டுனேன். இப்ப மரம் நாலு மீட்டர் ஆயிடுச்சு. வாசல்ல வைக்க அளவெடுத்த மாதிரி நிக்குது. ஊரே கண்ணு வச்சிருக்கு."

"கவலைப்படாதீங்க. அதுதான் நம்ம உயிருள்ள சான்று. அதுக்குத் தகுந்த சொல்லைக் குழு தேடிக்கிட்டிருக்கு."

"நல்ல வார்த்தைகூட வேணாங்க. ஏதோ ஒண்ணு எழுதிக் குடுங்க. தோப்புன்னு போடுங்க."

அறையில் ஒரு புன்னகை சுற்றி வந்தது. படிக்காதவர்கள் அகராதி வேலையை எவ்வளவு எளிதாக நினைத்துக்கொள்கிறார்கள்!

"தோப்புன்னா அம்பது மரம் வேணும்மா," என்றாள் ரஸ்மா அன்போடு. "நம்ம அகராதி, நூத்தி எட்டாம் பக்கம்."

"அப்ப நடவுன்னு போடுங்க. நட்டதுதான?"

"யார் நட்டது?" என்றார் ஹரால்ட்ஸ்.

"நான்தான்! இந்தக் கையால!"

"ஆதாரம்?"

ஸெந்தா கையைக் காட்டினாள். குழு கையை உற்றுப் பார்த்தது. ரஸ்மா குறிப்பேட்டில் எழுதினாள்: 'கை பார்வையிடப்பட்டது. ஆவணமாக ஏற்கப்படவில்லை.'

"இளங்காடு?" என்றாள் ஸெந்தா, கொஞ்சம் குரல் இறங்கி.

"ஐயையோ, காடுன்னா வனத்துறை வந்துரும்," என்றாள் ரஸ்மா. "அவங்களுக்குன்னு தனிச் சொற்குழு இருக்கு. அவங்ககிட்ட மாட்டினா நாம அவ்வளவுதான்."

"அப்ப என்னதாங்க அது?"

"அதைத்தான் அம்மா ஆராயறோம்," என்றார் ஹரால்ட்ஸ், தாலாட்டுகிற குரலில். "அவசரப்பட்டு ஒரு சொல்லைக் குடுத்துட்டா அந்த மரங்க காலம் பூரா அதைச் சுமக்கணும். எனக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்."

வால்ஃப்ரீட்ஸ் கண் திறந்தார். "எதிர்ப்பு," என்றார்.

"இன்னும் வாக்கெடுப்பு வைக்கலைங்க."

"அப்பச் சரி," என்று மூடிக்கொண்டார்.

ஸெந்தா போன பிறகு குழு அந்தப் பொருளை வாரா வாரம் அவசரக் கூட்டம் போட்டு மிகுந்த பொறுப்புடன் விவாதித்தது. ஜூன் மாதம் பிறந்தும் விவாதித்தது. 'பசுந்தொகுதி' என்றார் ஒருவர்; அது கீரைக்கட்டு மாதிரி இருக்கிறது என்று தள்ளுபடியானது. 'வெண்கால் பச்சை' என்றாள் ரஸ்மா. அழகாக இருந்ததால் சந்தேகத்துக்குரியதாகி, துணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. துணைக்குழுவில் அவளே இருந்ததால் திரும்பி வர வெகுநேரம் ஆனது. 'செங்குத்துப் பசுமை' என்று ஹரால்ட்ஸே முன்மொழிந்த சொல் ஒரு வாரம் உயிரோடிருந்தது. அடுத்த வாரம், குளிர்காலத்தில் இலை உதிர்ந்துவிட்டால் அது 'செங்குத்து' மட்டும்தானே என்று யாரோ கேட்டுத் தொலைத்தார்கள்.

மரங்களை நேரில் போய்ப் பார்க்கலாம் என்ற தீர்மானமும் ஒருமுறை வந்தது. இருநூறு அடி தூரம்தான். 'பொருளைப் பார்த்துவிட்டால் சொல்லில் நடுநிலை தவறிவிடும்' என்று ஹரால்ட்ஸ் எச்சரித்ததால் கைவிடப்பட்டது. ஸெந்தா ஒரு இலையைக் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தாள். மரத்திலிருந்து பிரிந்த இலை மரத்தைப் பற்றிப் பேச அதிகாரம் பெற்றதல்ல என்று அதைத் திருப்பி அனுப்பினார்கள். உறையில் போட்டு, முத்திரை குத்தி.

அகராதியில் நானூற்றுப் பதின்மூன்றாவது சொல்லுக்கு ஒரு பக்கம் வெறுமையாக விட்டு அச்சடித்தாகிவிட்டது. நடுவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார்கள். அங்கே இருக்கப்போகிற சொல் தலைநகரத்தையே உட்காரவைத்து எழுப்ப வேண்டும். ஹரால்ட்ஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி வைத்த உருளைக்கிழங்கின்மேல் சோயிக்கீரையைப் பார்த்தாலே பெருமூச்சு விட்டார். 'க்ரூமின்ஷ் அகராதி' என்று நாடு முழுக்கச் சொல்லிவிட்டால் குட்டிப் புதர் என்று யாரும் சிரிக்க மாட்டார்கள். புதர் என்ற சொல்லே நிமிர்ந்துகொள்ளும்.

ஜூன் இருபதாம் தேதி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பலகை முளைத்திருந்தது. பழைய ஜன்னல் சட்டத்தில் நீலப் பெயிண்டால் எழுதியது: 'இது மரம். வெட்டினால் கையை ஒடிப்பேன்.'

ஹரால்ட்ஸ் ஸெந்தாவை அறைக்கு அழைத்தார்.

"அம்மா, பலகையை எடுத்துடுங்க."

"எதுக்குங்க?"

"ரெண்டாவது வாக்கியத்தை நான் ஒண்ணும் சொல்லல. உணர்ச்சி. புரிஞ்சுக்கறேன். ஆனா முதல் வாக்கியம் தப்பு. 'மரம்'ங்கறது ஒருமை. அங்க நாப்பது நிக்குது."

"சரி, 'இதெல்லாம் மரம்'னு மாத்தறேன்."

"அது அங்கீகரிக்கப்பட்ட வகை இல்லையே. நாளை மறுநாள் நடுவருங்க வராங்க. நகராட்சி இடத்துல, நகராட்சிக் குழுவுக்கே தெரியாம ஒரு சொல் பலகையில நிக்குதுன்னா என்ன நெனைப்பாங்க?"

"மரம்னு நெனைப்பாங்க."

"அதுதான் ஆபத்து."

ஸெந்தா குரலைத் தணித்துக் கேட்டாள்: "க்ரூமின்ஷ் ஐயா, ஒரே ஒரு தடவை மனசு விட்டுச் சொல்லுங்க. விழா முடியறவரைக்கும் என் மரத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"அம்மா," என்றார் ஹரால்ட்ஸ். அவர் கண் உண்மையிலேயே கலங்கியது. "அந்த மரங்க மேல என்னைவிட அக்கறை யாருக்கு இருக்க முடியும்? ஆறு கூட்டம் நடத்தியிருக்கேன்."

பலகை எடுக்கப்பட்டது. ஸெந்தாவுக்கு அதைவிட நல்ல வேலை ஒன்று தரப்பட்டது: இருபத்திரண்டாம் தேதி காலை முதல் பஸ்ஸில் மாவட்டத் தலைநகருக்குப் போய், அரசு முத்திரையோடு கூடிய புதிய பலகையை, எழுத்து எழுதாமல் வெறுமையாக, வாங்கி வர வேண்டும். வகைச் சொல் தீர்மானமானதும் நடுவர்கள் முன்னிலையில் அதில் எழுதி நடப்படும். "எட்டு வருஷக் கனவு, உங்க கையாலயே நிறைவேறட்டும்," என்றார் ஹரால்ட்ஸ். ஸெந்தா முதன்முதலாகச் சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

இருபத்திரண்டாம் தேதி காலை நகராட்சி மண்டபம் பரபரத்தது. மாடிப்படியில் சீரகப் பாலாடைக்கட்டி வண்டிச்சக்கரம் மாதிரி உருண்டு வந்தது. பீர் பீப்பாய் வந்தது. பன்றிக்கறி அடைத்த சின்னப் பன்கள் தட்டுத்தட்டாக வந்து, வந்த வேகத்தில் குறைந்தன. பராமரிப்புப் பிரிவின் மேஸ்திரி எட்வின்ஸ், ஐந்து ஆட்களோடும் ஒரு லாரியோடும் ஏழு மணிக்கே வாசலில் நின்றான்.

"எட்வின்ஸ், மண்டபத்துல ஒரு மூலைகூடப் பச்சையில்லாம இருக்கக்கூடாது," என்றார் ஹரால்ட்ஸ். கையில் அகராதி, விரல் வெற்றுப் பக்கத்தில். "படிக்கட்டு, மேடை, ஜன்னல், கதவு, கழிப்பறை வாசல் உட்பட. பசுமை நகராட்சிக்குள்ள வந்திருக்கோம்னு மூக்குக்கே தெரியணும்."

"வெட்டிரலாங்க. எங்க வெட்டறது? காட்டுக்குப் போயிட்டு வர மத்தியானம் ஆயிடும்."

"விதி என்ன சொல்லுது?"

"பதிவேட்டுல இல்லாத புதர்ல, நாலு மீட்டருக்கு மேல போகாத பிர்ச்."

"அப்புறம் என்ன கேள்வி?"

எட்வின்ஸ் தலையைச் சொறிந்தான். "இல்லீங்க… பக்கத்துலன்னு பாத்தா, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால…"

"எட்வின்ஸ்!" ஹரால்ட்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். நானூற்றுப் பதின்மூன்றாவது சொல் அந்த நிமிஷம் அவர் நாக்கின் நுனிவரை வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "நான் சொல்லோட போராடிக்கிட்டிருக்கேன். நீங்க இடத்தைப் பத்திக் கேக்கறீங்க. பதிவேட்டைப் பாருங்க. பதிவேடு என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க."

எட்வின்ஸ் பதிவேட்டைப் பார்த்தான். கட்டம் காலியாக இருந்தது. இரண்டு தடவை பார்த்தான். அவனும் பாவம், பச்சையலகன் இல்லை. பதினெட்டு வருஷ அனுபவம். நகராட்சியில் பதினெட்டு வருஷம் இருந்தவன் கண்ணால் பார்ப்பதைவிடப் பதிவேட்டைத்தான் நம்புவான்.

ஒன்பதரைக்கு மண்டபம் மண்டபமாக இல்லை. படிக்கட்டின் இருபுறமும் பிர்ச். மேடையில் பிர்ச். சுவர்க் கடிகாரத்தை மறைத்துக்கொண்டு ஒரு பிர்ச். வெட்டின பிர்ச்சின் வாசனை இருக்கிறதே, மழை பெய்து ஓய்ந்த காலை நேரத்தைத் தோலுரித்துத் தொங்கவிட்ட மாதிரி! உள்ளே நுழைந்த ஆட்களெல்லாம் காரணமில்லாமல் சிரித்தார்கள். கணக்குப் பிரிவில் இரண்டு பேர் ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள். குழுவின் ஜன்னலில்லா அறையில் பாலாடைக்கட்டி அடுக்கியிருந்ததால், குழுவின் கடைசி அவசரக் கூட்டம் மண்டபத்திலேயே, கிளைகளுக்கு அடியில் நடந்தது. ஆறு ஆண்டுகளில் முதல்முறையாக உறுப்பினர்களின் தலையை இலை தொட்டது.

அதிசயம் அங்கேதான் நிகழ்ந்தது. வால்ஃப்ரீட்ஸ் தாமாக விழித்தார். மூக்கை உறிஞ்சினார். "இப்படி நிக்குதே… அப்படியே நிக்குதே…" என்று முணுமுணுத்தார். ஹரால்ட்ஸுக்கு உடம்பு சிலிர்த்தது. எழுந்தார். மேலே பார்த்தார். பச்சை வெளிச்சம் அவர் வழுக்கைமேல் ஊசலாடியது.

"'பாஸ்தாவ்ஸல்யைனே'!" என்றார்.

நிலைத்து நிற்கும் பச்சை. நிலைபச்சை.

ரஸ்மாவின் கண்ணில் நீர். அது தோப்பும் இல்லை, நடவும் இல்லை, வனத்துறையும் வர முடியாது, குளிர்காலத்துக்கும் பொருந்தும். வாக்கெடுப்பு நடந்தது. வால்ஃப்ரீட்ஸ் "ஆதரவு" என்றார். அதைக் குறிப்பேட்டில் எழுத ரஸ்மாவுக்குப் பழக்கமில்லாததால் முதலில் 'எதிர்ப்பு' என்று எழுதி அடித்தாள். பத்து மணி நாற்பது நிமிஷத்துக்கு ஸெந்தாவின் படிவத்தில், எட்டு வருஷமாகக் காலியாயிருந்த கட்டத்தில், சொல் ஏறியது. எண் கொடுக்கப்பட்டது. முத்திரை விழுந்தது. அந்த நொடியிலிருந்து அந்த நாற்பது மரத்தில் ஓர் இலையைக் கிள்ளினாலும் தண்டனை.

பதினொன்றுக்கு நடுவர்கள் வந்தார்கள். மூன்று பேர். தலைமை நடுவர் டாக்னியா அம்மையார், தலைநகரில் பச்சைக்கென்றே ஒரு துறை வைத்து நடத்துகிறவர், வாசலில் கால் வைத்ததும் "அடடா!" என்று நின்றுவிட்டார்.

"இப்படியொரு பசுமையை நான் எந்த ஊர்லயும் பாக்கல, க்ரூமின்ஷ் ஐயா!"

"எங்க ஊர்ல பச்சைங்கறது சொல்லு மட்டும் இல்லீங்க அம்மா. மூச்சு."

அவர்கள் தலையில் ஓக் கிரீடமும் பூக்கிரீடமும் ஏறின. பீர் ஏறியது. விழாப் பாட்டின் 'லீகோ, லீகோ' இரண்டு நாள் முன்கூட்டியே கிளம்பியது. தலைமை நடுவர்தான் உச்சஸ்தாயி. அகராதியின் வெற்றுப் பக்கம் திறக்கப்பட்டு, அதில் ஹரால்ட்ஸ் தம் கையால் நானூற்றுப் பதின்மூன்றாவது சொல்லை எழுதியபோது கைதட்டலில் ஒரு பிர்ச் சாய்ந்தது. எட்வின்ஸ் ஓடிப்போய் முட்டுக் கொடுத்தான். அம்மையார் அங்கேயே, பீர்க் குவளையை மேஜையாக்கி, பட்டயத்தில் கையெழுத்துப் போட்டார். நாட்டின் மிகப் பசுமையான நகராட்சி, மெஜ்வால்டே.

"இனி ஒரு ஃபோட்டோ மட்டும்தான் பாக்கி," என்றார் அவர். "உங்க உயிருள்ள சான்று முன்னால நின்னு எடுத்துக்குவோம்."

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பட்டயத்தோடு ஹரால்ட்ஸ், தலையில் ஓக் கிரீடம். பின்னால் நடுவர்கள், குழு, பன்னைக் கையிலெடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவு. அதே நேரத்தில் மாவட்டத் தலைநகர் பஸ் வந்து நின்றது. அரசு முத்திரைப் பலகையைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, மறு கையில் பெயிண்ட் டப்பாவும் தூரிகையுமாக ஸெந்தா இறங்கினாள்.

"அம்மா! சொல் கெடச்சிடுச்சு!" என்று ஹரால்ட்ஸ் தூரத்திலிருந்தே கத்தினார். "நிலைபச்சை! எழுதுங்க!"

ஸெந்தா அங்கேயே பலகையை முழங்காலில் வைத்து எழுதினாள். அழகாக, ஒவ்வொரு எழுத்தாக, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு. 'நிலைபச்சை. பதிவெண் 1. வெட்டுவது தண்டனைக்குரியது.' எழுதி முடித்து, பெயிண்ட் காயாத பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊர்வலத்துக்கு முன்னால் அவளே நடந்தாள். பஸ் நிலையத்தைச் சுற்றித் திரும்பினாள்.

நின்றாள்.

பின்னால் வந்தவர்கள் அவள்மேல் மோதி நின்றார்கள். பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. டிராக்டர் கொட்டகை இருந்த நிலம், வெயிலில், கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரை பளிச்சென்றிருந்தது. கணுக்கால் உயரத்தில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். வரிசை மட்டும் கெடவில்லை.

தலைமை நடுவர் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார். "இது… எந்தச் சொல்லுங்க?"

ஹரால்ட்ஸ் வாயைத் திறந்தார். நானூற்றுப் பதின்மூன்று சொற்களில் ஒன்றும் வரவில்லை.

எட்வின்ஸ்தான் மெல்ல முன்னால் வந்தான். "பதிவேட்டுல கட்டம் காலியா இருந்துச்சுங்க. ஏழு மணிக்கு. பத்து நாப்பதுக்குத்தான் சொல்லு வந்துச்சாம். நாங்க எட்டரைக்கே முடிச்சிட்டோம்."

ஸெந்தா யாரையும் பார்க்கவில்லை. தூரிகையை நீட்டி ஒவ்வொரு அடிக்கட்டையாக எண்ணிக்கொண்டே போனாள். எண்ணும்போது சிலதைப் பெயர் சொல்லி அழைத்த மாதிரி இருந்தது. மரத்துக்கு அவள் எப்போதோ பெயர் வைத்திருக்கிறாள் போலும். குழுவிடம் அனுமதி கேட்கவில்லை.

"நாப்பது," என்றாள் திரும்பி வந்து. "எட்வின்ஸு, நீயுமாடா? போன வருஷம் எனக்கு நாற்காலி தூக்கிட்டு வந்தவன் நீதான?"

"அக்கா, என்னை நாலு அடி வேணாலும் அடி," என்றான் எட்வின்ஸ். "ஆனா கணக்கு தப்பு. நாங்க வெட்டினது முப்பத்தொம்பது. மண்டபத்துல போய் எண்ணிக்க. நாங்க ஏழேகாலுக்கு இங்க வரும்போதே ரோட்டோரம் ஒண்ணு போயிருந்துச்சு. யாரோ முன்னாடியே வெட்டிட்டுப் போயிருக்கான்."

அவ்வளவுதான். ஹரால்ட்ஸுக்குச் சொற்கள் திரும்பிவிட்டன. பிடித்துக்கொள்ள ஒரு கிளை கிடைத்தவர்போல நிமிர்ந்தார்.

"பாத்தீங்களா!" என்று முழங்கினார். "முப்பத்தொம்பது விதிப்படி போச்சு. அது நிர்வாகம். அது வேற விஷயம். ஆனா அந்த நாப்பதாவது? உத்தரவு இல்லாம, பதிவேட்டைக்கூடப் பாக்காம, விடியக்காலைல திருட்டுத்தனமா வந்து ஒரு உயிரை வெட்டியிருக்கானே, அவன்தான் இந்த ஊரோட பசுமைக்கு எதிரி! ரஸ்மா, எழுதுங்க. இந்தத் திருடனைக் கண்டுபிடிக்காம இந்தக் குழு ஓயாது. பச்சைக் கோபம்னா என்னன்னு அவனுக்குக் காட்டறேன். அம்மா, நடுவர் அம்மா, நீங்களே சாட்சி!"

கைதட்டல் எழுந்தது. கணக்குப் பிரிவுதான் முதலில் தட்டியது. ரஸ்மா எழுதிக்கொண்டிருந்தவள், எழுத்தை நிறுத்திவிட்டு, ரோட்டோரமாகப் பார்த்தாள். பிறகு வால்ஃப்ரீட்ஸ் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக, கைதட்டலைக் குறைத்துக்கொண்டே, அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

நகராட்சி வாசலில் நடுவர்களின் வண்டிக்கு இடம் விட வேண்டியிருந்ததால், அன்று காலை ஹரால்ட்ஸ் தம் காரை பஸ் நிலையத்து ஓரத்தில் நிறுத்தியிருந்தார். அதன் பின்கதவு சரியாக மூடவில்லை, கயிற்றால் கட்டியிருந்தது. அந்த இடுக்கு வழியாக ஓர் ஆள் நீளத்துக்கு பிர்ச் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.